இலங்கை அம்பாறை மாவட்டத்துச் சாகாமம் குளத்து நாணலில் கத்தும் கபில நிறக் குருவி எது?

வாவிக்கரை:
நாணலுக்குள் விடியலில் ஒரு குருவி கரகரத்த குரலில் விடாமல் கத்துகிறது. மேலே கபிலம், கீழே வெளிறல், உடம்பில் கோடே இல்லை. தலையைக் காட்டிவிட்டு உடனே உள்ளே போய்விடுகிறது. படத்தில் பச்சை கலந்து விழுகிறது. பெரிய நாணல் கதிர்க்குருவியா, மாரிக்கு வருகிற பிளித் நாணல் கதிர்க்குருவியா?

பன்பாய்:
நிறத்தை நம்பாதீர்கள். நாணல் தாள்களில் பட்டு வரும் வெளிச்சமே அந்தப் பச்சையைக் கொடுக்கும். பெரியது 18–20 செ.மீ., ஊர்க்குருவியைவிட நன்றாக நீளம், அலகும் நீளம். பிளித் 13–14 செ.மீ.தான், அதன் புருவக்கோடு கண்ணுக்கு முன்னால் எடுப்பாகத் தெரியும், பின்னால் மங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடக் குரல் உறுதியானது. பெரியது "கர் கர், கீ கீ" என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் திருப்பி உரத்துப் பாடும். அப்போது தொண்டை புடைக்கும், உச்சிமயிர் சிலிர்க்கும். மாரியில் பிளித்திடம் பெரும்பாலும் "செக்... செக்" என்ற ஒற்றைத் தட்டுத்தான் கேட்கும். நீங்கள் சொல்வது பெரியதற்கே பொருந்துகிறது. முதுகில் கோடு தெரிந்தால் இரண்டுமில்லை, விசிறிவால் கதிர்க்குருவியாக இருக்கலாம்.

கச்சான்காற்று:
நாணலில் இருந்தது என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். பிளித் வேலிப் பற்றை, வளவு எங்கும் திரியும், குளக்கரைக்கும் வரும். சந்தேகம் தீர ஜூனில் போய்க் கேளுங்கள். பிளித் அதற்குள் வடக்கே போயிருக்கும். பெரியது இங்கேயே கூடுகட்டும் பறவை. ஆனால் அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலம். நாணல் முழுக்க ஆடினால் குருவியின் அசைவு தெரியாது, காற்று எழும்ப முன் போய்விட வேண்டும்.

கிழக்குக் கரையில் நின்றால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். 8×42 தொலைநோக்கி போதும். குரலைத் துரத்தாமல் ஒரே கற்றையின் மேற்பகுதியைப் பார்த்தபடி இருபது நிமிடம் நில்லுங்கள். காற்றில்லாத நேரத்தில் ஒரு தண்டு மட்டும் தனியே நடுங்கினால் குருவி அதில் ஏறுகிறது. கமெராவில் ஒற்றைப் புள்ளி போகஸ் வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் தாளைத்தான் பிடிக்கும்.

வாவிக்கரை:
நன்றி. உள்ளே இறங்கிப் பார்க்கலாமா? போனில் குரல் போட்டால் வெளியே வருமா?

பன்பாய்:
இரண்டும் வேண்டாம். நமது குளங்களில் முதலை இருக்கிறது. அதன் கூடு, தண்ணீருக்கு மேலே சில தண்டுகளைச் சேர்த்துப் பின்னிய ஆழமான கிண்ணம்; தண்டை விலக்கினால் சரிந்துவிடும், காகத்துக்கும் செண்பகத்துக்கும் வழி திறந்துவிடும். குரல் போட்டால் வேறொரு ஆண் வந்துவிட்டதென்று அது உணவு தேடுவதை விட்டுச் சண்டைக்கு அலையும். குளக்கட்டில் நின்றபடி, போனின் மைக்கைக் காற்றுக்கு மறைத்து, ஒரு நிமிடம் பதிவெடுத்து இங்கே போடுங்கள். கேட்டுச் சொல்கிறோம்.