கோடியில் கொசுவலை போட்டுப் பொடிமீன் வாருவது சரியா?

காட்பாடி தூண்டில்:
தொடர் மழையில் எங்கள் பக்கத்து ஏரி நிரம்பிக் கோடி போகிறது, அதாவது உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில் தண்ணீர் விழுகிறது. எந்த ஏரி என்று எழுத மாட்டேன், எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பாதி வேலூர் அங்கே நிற்கும். நேற்று சாயங்காலம் கோடிக்குக் கீழே ஓடையில் ஒரே கூட்டம். கொசுவலையை ஆளுக்கொரு முனை பிடித்துக் கரைக்குக் கரை இழுக்கிறார்கள். பெயிண்ட் வாளியில் கெண்டைப்பொடி, அயிரை, கெளுத்திக் குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. ஒரு வாளியில் முழுக்க விரால் குஞ்சு. செம்மஞ்சள் நிறத்தில், நகத்தின் அளவுகூட இல்லை. "இதை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "தூண்டிலுக்கு ஆகும், மிச்சம் கோழிக்கு" என்றார்கள்.
இந்தக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூச்சு விடும். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அதனால்தான் வாருவது இவ்வளவு சுலபம். ஒரு வாரலில் ஒரு குடும்பமே போய்விடுகிறது. கோடி போகும் நாட்களில் கொசுவலையை ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. என்ன சொல்கிறீர்கள்?

ஏரிக்கோடி வீட்டுக்காரி:
தம்பி, நான் காவேரிப்பாக்கம் பக்கம் வாக்கப்பட்டவள். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கெண்டைப்பொடி வறுவல் வாசம் வராத வீடு கிடையாது. ஏரி நிரம்பினால் ஏழை வீட்டுச் சட்டியில் மீன் விழும், அவ்வளவுதான் கணக்கு. கறி விற்கிற விலையில் வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பதே பெரிய பாடு. இந்த ஒரு மாதம் பிள்ளைகள் முள்ளோடு மென்று சாப்பிடுகிற மீனையும் நிறுத்தச் சொல்கிறீர்களா? நீங்கள் விராலுக்கு எதை இரையாகக் கோர்க்கிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

காட்பாடி தூண்டில்:
மறைக்க என்ன இருக்கிறது அக்கா, உயிர்க் கெண்டைதான். முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடு எலும்பில் படாமல் தோலோடு சேர்த்து முள்ளை ஏற்றினால் நீந்திக்கொண்டே இருக்கும். அல்லி இலை ஓரமாக விட்டால் விரால் எடுக்கும். ஆனால் எனக்கு வேண்டியது ஒரு கைப்பிடி. குண்டான் வாயில் துணி கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து வைத்து முழங்கால் ஆழத்தில் இறக்கினால் போதும். கெண்டை தானாக உள்ளே போகும். மற்றதைத் தொடுவதே இல்லை.

ஏரிக்கோடி வீட்டுக்காரி:
பொழுதுபோக்குக்குக் கைப்பிடி எடுத்தால் நியாயம், வயிற்றுக்கு வாளி எடுத்தால் அநியாயம். நல்லா இருக்கு.

பாசி குத்தகை:
நான் ஏரியில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் எடுத்தவன், என் பக்கத்தையும் கேளுங்கள். பணம் கட்டி, குஞ்சுப் பண்ணையில் கட்லா, ரோகு, மிர்கால் வாங்கி விடுகிறேன். விட்ட கொஞ்ச நாளில் ஏரி கோடி போனால் பாதி அந்த வழியாகவே போய்விடும். கீழே கொசுவலையோடு நிற்பவர்கள் "கெண்டை, கெண்டை" என்பார்கள். வாளியில் கை விட்டுப் பார்த்தால் தலை பெருத்து, வாய் மேல்நோக்கி இருக்கும் கட்லாக் குஞ்சு கிடக்கும். குத்தகை என்றால் ஏரி மீன் மொத்தமும்தான். தூண்டில்காரர்களை நான் கண்டுகொள்வதில்லை, அது வேறு விஷயம்.

ஆயக்கட்டு விவசாயி:
வாங்க குத்தகை சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். கோடியில் கழி நட்டு வலை கட்டுவது யார்? ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அதில் அடைத்துக்கொண்டு தண்ணீர் பின்னால் ஏறுகிறது. 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி வருஷத்தில் கோடி அடைத்தால் கரை தாங்குமா?
அப்புறம் மாசி, பங்குனியில் மீன் பிடிக்க வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்து விடுகிற கதையும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு வருஷம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை. கேட்டால் "மதகு பழுது" என்றார்கள். பொடிமீன் வாருகிற பெண்களால் ஏரி கெட்டதாக நான் பார்த்ததில்லை.

பாசி குத்தகை:
எல்லாக் குத்தகைதாரரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். மதகைத் திறந்தவன் மேல் புகார் கொடுங்கள், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆயக்கட்டு விவசாயி:
யாரிடம் கொடுப்பது என்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை ஏரி, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இரண்டு ஆபீஸிலும் அலைந்தவன் சொல்கிறேன்.

மீன்வளம் படித்தவன்:
இரண்டு மீனைப் போட்டுக் குழப்புகிறீர்கள், பிரித்துச் சொல்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுகிற ஜாதி, ஏரியில் பெருகாது. 1957ல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுப் பண்ணை என்ற தொழிலே வளர்ந்தது. ஆகவே அந்தக் குஞ்சு போனால் குத்தகைதாரருக்கு நஷ்டம். ஏரிக்கு இல்லை.
கெண்டை, அயிரை, கெளுத்தி, குரவை, உளுவை இவையெல்லாம் யாரும் விடாமல் தானாக வருபவை. வேடிக்கை என்னவென்றால், வளர்ப்புக் குளத்தில் இவற்றைக் களை மீன் என்று சொல்லி, குஞ்சு விடும் முன் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு அழிக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம். குத்தகை சார் இப்போது கெண்டைக்காகக் கண்ணீர் விடுவது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.
ஆனால் தூண்டில் நண்பர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. எங்கே வாருகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கோடிக்குக் கீழே விழுந்த மீனில் பெரும்பகுதி திரும்ப மேலே ஏற முடியாது. ஓடை வற்றும்போது கொக்கும் நாரையும் தின்னும், அல்லது குட்டையில் செத்துப்போகும். அதை மனிதன் தின்றால் ஒன்றும் குறையாது. ஏரிக்குள் தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாய் வேறு. முதல் மழையில் புதுத்தண்ணீர் இறங்கும்போது கெண்டையும் கெளுத்தியும் குரவையும் வயிறு நிறைய முட்டையோடு எதிர்த்து ஏறுவது அந்த வழியாகத்தான், முட்டையிடுவதும் அங்கே வயலிலும் வாய்க்காலிலும்தான். அங்கே கொசுவலையைக் குறுக்கே கட்டினால் அடுத்த வருஷத்து மீனை இந்த வருஷமே தின்கிறோம்.

ஏரிக்கோடி வீட்டுக்காரி:
இது பேச்சு. வரத்துக்கால்வாயில் வலை கட்டுவதை எங்கள் மாமியாரே திட்டுவார். நாங்கள் நிற்பது கோடிக்குக் கீழேதான்.

ஆம்பூர்க்காரன்:
ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? எங்கள் ஊரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பெரிய மீனில் சதையைத் தின்று தலையை ஒதுக்கலாம். பொடிமீனை முழுசாகத் தின்கிறோம். நான் ஆற்றோரத்து மீனை வீட்டில் ஏற்றுவதே இல்லை.

ஏரிக்கோடி வீட்டுக்காரி:
முழுசாக எங்கே தின்கிறோம்? அம்மிக்கல் சொரசொரப்பில் சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரசினால் செதில் போய்விடும். அப்புறம் வயிற்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் பிதுக்கினால் குடல் கருப்பு நூலாக வெளியே வரும். பித்தம் உடையாமல் எடுக்க வேண்டும், உடைந்தால் மொத்தக் குழம்பும் கசக்கும். ஒரு படி மீனுக்கு ஒரு மணி நேரம் குந்தி உட்கார வேண்டும், இடுப்பு விட்டுப்போகும். ஆம்பளைகளுக்கு வாருவது மட்டும்தான் தெரியும்.

மீன்வளம் படித்தவன்:
அக்கா, குடலை எடுப்பது நல்லது. ஆனால் உலோகம் செவுளிலும் ஈரலிலும்தான் சதையைவிட அதிகம் தங்கும். செவுளோடு தலையைத் தின்கிறோமே, அதனால் ஆம்பூர் நண்பரின் பயம் வெறும் பயம் இல்லை. அதே நேரம் மாவட்டத்து ஏரி எல்லாம் ஒரே தண்ணீரும் இல்லை. ஜவ்வாது மலை ஓடையில் நிரம்பும் ஏரி வேறு, கௌண்டின்யா ஆற்றுத் தண்ணீர் வரும் மோர்தானா அணை வேறு, ஊர்ச் சாக்கடையும் தோல் கழிவும் இறங்குகிற ஏரி வேறு. எந்த வாய்க்கால் உள்ளே வருகிறது என்று பார்த்துவிட்டு வலையைத் தூக்குங்கள்.

ஆம்பூர்க்காரன்:
மழைநாளில் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் வாய்க்கால் வரைபடம் பார்த்துவிட்டா ஓடுவான்? சரி, விடுங்கள்.

காட்பாடி தூண்டில்:
நான் ஆரம்பித்த விரால் குஞ்சு விஷயம் எங்கேயோ போய்விட்டது. கோடிக்குக் கீழே கெண்டை வாருவதை விடுகிறேன், ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே விடுகிறேன். ஆனால் நான் பார்த்த அந்தச் செம்மஞ்சள் வாளி ஓடையில் வாரியது இல்லை. கரையோரம் கோரைக்குள் காவல் நின்ற கூட்டத்தைக் கொசுவலையால் அள்ளியது. விரல் நுழைகிற கண் உள்ள வலையாக இருந்தால் இது நடக்குமா?

ஏரிக்கோடி வீட்டுக்காரி:
விரல் நுழைந்தால் கெண்டைப்பொடியும் நுழைந்து போகும் தம்பி. மூங்கில் கூடை போதும், கொசுவலை வேண்டாம். விழுகிற தண்ணீருக்குக் கீழே கூடையைச் சாய்த்துப் பிடித்தால் கெண்டை தானே வந்து விழும். விரால் குஞ்சை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், பெரிசானால் குழம்புக்கு ஆகும் என்கிற பேராசைதான்.

மீன்வளம் படித்தவன்:
தூண்டில் நண்பர்களுக்கு ஒன்று. இரைக்குப் பிடித்த மீன் மிச்சமானால் வேறு ஏரியில் கொட்டாதீர்கள். ஜிலேபி மீன் (திலாப்பியா) இந்தியாவுக்கு வந்தது 1952ல். குஞ்சை வாயில் வைத்துக் காக்கிற மீன், ஒரு வாளியில் நாலு போனாலும் அந்த ஏரி அதற்குத்தான். கெளுத்திக் குஞ்சு என்று நினைத்துத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுபோய் விட்டால் அதைவிட மோசம். மிச்சத்தை எடுத்த ஏரியிலேயே விடுங்கள், இல்லையென்றால் கோழிக்கே போடுங்கள்.

காட்பாடி தூண்டில்:
நான் வீட்டுக்கு எடுத்துப்போய் வறுத்துவிடுவேன் சார்.

பாசி குத்தகை:
சரி, என் ஏரியைப் பொறுத்தவரை சொல்லிவிடுகிறேன். கோடிக்குக் கீழே கூடை போடுகிறவர்களை என் ஆட்கள் விரட்ட மாட்டார்கள். கட்லாக் குஞ்சு விழுந்தால் மேலே தூக்கிப் போடுங்கள். கரையோரம் கொசுவலை வந்தால் பிடுங்குவோம்.

ஆயக்கட்டு விவசாயி:
கோடியில் கட்டிய வலை?

பாசி குத்தகை:
தண்ணீர் இரண்டு அடிக்கு மேல் போனால் அவிழ்த்துவிடுகிறேன்.

ஆயக்கட்டு விவசாயி:
இரண்டு அடி என்று யார் அளப்பது? இன்றைக்கே அவிழ்த்துவிட்டு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.