பிராடோ, பஜேரோ பின் டிபரன்சல்: மாத்தியும் மாத்தியும் திரும்ப வாற ஊளை

(டிபரன்சல் எண்டா இழுவையைப் பின் இரண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப்பெட்டி. ஒவ்வொரு பகுதிக்கும் மேலை இருக்கிறது அதை எழுதினவரின்ரை புனைபெயர்.)

கோண்டாவில் லேத்

பிராடோ 120, டீசல், ஒட்டோ கியர். இரண்டு வருசத்துக்குள்ள மூன்று தரம் பினியன் பெயரிங் போட்ட வண்டி. பினியன் எண்டா உள்ளை இருக்கிற பெரிய கிறவுண் சில்லைச் சுத்திற சின்னப் பல்லுச் சில்லு. ஆனையிறவு நேர்த்தெருவில 70இல வந்து காலை எடுத்த உடனை ஊளை தொடங்கும், மிதிச்சா அடங்கும். மூன்றாம் தரம் கழட்டேக்கைதான் விசயம் பிடிபட்டது. பினியன் நட்டின்ரை கழுத்தில உளி அடிச்ச தழும்பு மூன்று, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு. உள்ளுக்கை இருந்த கிறஷ் சிலீவ் (நசியிற இரும்புக் குழல்), வண்டி செய்யேக்கை போட்ட அதே சிலீவ். மேசையில நிமித்தி வைச்சா நடு வீங்கின பீப்பா மாதிரி நிக்குது. பெயரிங் மூன்று தரம் புதுசு, நட்டும் சிலீவும் ஒருக்காலும் மாத்தேல்லை.

அந்தச் சிலீவ் நசிஞ்சுதான் இரண்டு பெயரிங்குக்கும் நடுவில இறுக்கத்தைப் பிடிச்சு வைக்கும். ஒருக்கா நசிஞ்சது திரும்ப விரியாது. பழசோடை நட்டை முடுக்கினா ஒண்டில் இறுக்கம் காணாது, இல்லாட்டி எயார் கன் ஒரே இழுவையில அளவைத் தாண்டிப்போடும். தாண்டினா பெயரிங் சூடாகி நீலம் பாயும், உருளை பொருக்குத் தட்டும், பிறகு பினியன் ஆடத் தொடங்கும். கால் எடுக்கேக்கை வாற ஊளை அந்த ஆட்டம்தான்.

செய்யிற முறை இது. புதுச் சிலீவ், புது நட்டு, புது சீல். கிறவுண் சில்லு வெளியில இருக்கேக்கை பினியனை மட்டும் பூட்டி, பிளாஞ்சை (பினியன் நுனியில சாவ்ற் பூட்டுற தட்டை) நீளத் தடியால பிடிச்சுக்கொண்டு கையால இறுக்குங்கோ. சிலீவ் நசியத் தொடங்கவே 200 நியூட்டன் மீற்றருக்கு மேலை கேக்கும். தொடங்கினாப் பிறகு ஒரு தரத்துக்கு 5, 10 பாகைதான். ஒவ்வொரு தரமும் நிப்பாட்டி, பெயரிங் இருக்கையில குந்துற மட்டும் பினியனைச் சுத்திப்போட்டு, சின்ன ரோர்க் றெஞ்சால சுத்திற கனத்தை அளக்க வேணும். புதுப் பெயரிங்குக்கு 1 முதல் 1.5 நியூட்டன் மீற்றர் மட்டில வரும், ஓடின பெயரிங்கையே திரும்பப் போட்டா அதில பாதி. சரியான இலக்கத்தை அந்தந்த வண்டியின்ரை மனுவலில பாருங்கோ. அளவு தாண்டிட்டா நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட ஏலாது. இன்னொரு புதுச் சிலீவ் போட்டு முதலில இருந்து தொடங்க வேணும்.

தீவகம் ஓட்டம்

இங்கை பிரச்சினை சிலீவ் இல்லை, தண்ணி. 2024 கார்த்திகைக் கடைசி வெள்ளத்துக்கை ஓடின பிராடோ 150. மாசி மாதம் பின் இடப்பக்கச் சில்லின்ரை உள்பக்கம் முழுக்க ஒயில். ஆக்சில் சீல் மாத்தினது, ஒரு மாதத்தில திரும்பவும் கசிவு. பிறகு நிரப்புற பிளக்கைத் தளர்த்தேக்கை "புஸ்" எண்டு காத்து வெளிக்கிட்டுது. கீழை வடிச்சா பால் தேத்தண்ணி நிறத்தில ஒயில்.

அச்சுக்கு மேலை இருக்கிற, காத்துப் போய்வாற பிறீதரின்ரை சின்ன மூடி துருப்பிடிச்சு ஒட்டிப்போச்சு. ஓட்டத்தில டிபரன்சல் சூடாக உள்ளை காத்து விரியும், போக வழியில்லாமல் சீலைத் தள்ளும். அதே சூட்டோடை வெள்ளத்துக்கை இறங்கினா காத்துச் சுருங்கி, சீல் விளிம்பால தண்ணியை உள்ளை இழுக்கும். சீலை எத்தினை தரம் மாத்தினாலும் பிறீதர் அடைச்சிருந்தா அதே கதைதான். காரைநகர், புங்குடுதீவுப் பக்கம் ஓடுற வண்டியளுக்கு இரண்டு பக்கமும் உப்புக்காத்து. ஆறு மாதத்துக்கு ஒருக்கா அந்த மூடியை விரலால தூக்கிப் பாருங்கோ, தன்பாட்டில எழும்பி இருக்க வேணும். நல்ல வழி, மூடியைக் கழட்டி நிப்பிள் பூட்டி, ஒயில் தாங்கிற 8 மில்லிமீற்றர் குழாயைப் பின் விளக்குக்குப் பின்னால உயரத்துக்குக் கொண்டுபோய், நுனியில ஒரு சின்னப் பெற்றோல் பில்ரர் கொழுவிறது. சில்லு மேலை கீழை போகேக்கை இழுபடாமல் குழாயைக் கொஞ்சம் தொய்ய விடுங்கோ.

தண்ணி போன டிபரன்சலை மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிற பழக்கம் இன்னும் இருக்கு. வேண்டாம். மூலையில தங்கிற மண்ணெண்ணெய் புது ஒயிலையும் நீர்க்கப் பண்ணும். விலை குறைஞ்ச ஜிஎல் 5 தரக் கியர் ஒயில் ஊத்தி 15 கிலோமீற்றர் மெதுவா ஓடி, சூட்டோடை வடியுங்கோ. பால் நிறம் இருந்தா இன்னொருக்கா. கடைசியாத்தான் நல்ல ஒயில், கிட்டத்தட்ட 3 லீற்றர், நிரப்புற துளையின்ரை கீழ் விளிம்பில இருந்து 5 மில்லிமீற்றருக்குக் கீழை போகாமல். எப்பவும் நிரப்புற பிளக்கை முதல் திறவுங்கோ. கீழை வடிச்சுப்போட்டு மேலை திறபடாட்டி வண்டி நிண்ட இடத்திலதான் நிக்கும்.

பழைய டீசல்

லேத் அண்ணை சொன்ன முறையில பிழை இல்லை. ஆனா வாற வண்டி எல்லாத்துக்கும் பினியனைக் கழட்டச் சொல்ல வேண்டாம். சந்தியில நிப்பாட்டேக்கை பின்னால இருந்து ஆரோ தட்டின மாதிரி ஒரு "டொக்", திரும்ப வெளிக்கிடேக்கை இன்னொரு "டொக்". இதுக்கு டிபரன்சல் இரண்டு தரம் இறங்கின வண்டி ஒண்டு. கடைசியில புறொப்பெல்லர் சாவ்ற்றின்ரை (டிபரன்சலுக்கு இழுவை கொண்டுபோற தண்டின்ரை) சிலிப் யோக்கில, அதாவது நீண்டு அமுங்கிற இணைப்பில, கிறீஸ் இல்லை. மொலி கிறீஸ் இரண்டு பம்ப் அடிக்க சத்தம் போச்சு.

அந்தச் சாவ்ற் மடங்கிற சிலுவை மூட்டுக்குப் பழைய கிறீஸ் நாலு தொப்பியாலும் வெளியில வருமட்டும் அடிக்கலாம். சிலிப் யோக்குக்கு அப்பிடி அடிக்கக் கூடாது, உள்ளை நிரம்பி சாவ்ற் நீள அமுங்க இடமில்லாமல் போகும்.

கழட்ட முன்னம் ஒரு நாள் செலவழிச்சுப் பாருங்கோ. வேகத்தோடை மட்டும் கூடிக் குறையுது, கால் எடுத்தாலும் மிதிச்சாலும் ஒரே மாதிரி எண்டா ரயர் இல்லாட்டி சில்லுப் பெயரிங். வளைவில ஒரு பக்கம் சாயேக்கை மாறினா சில்லுப் பெயரிங்தான். மிதிக்கேக்கையும் எடுக்கேக்கையும் குரல் மாறினா மட்டும் கிறவுணும் பினியனும். நேர் ஓட்டத்தில சத்தமில்லை, திரும்பேக்கை மட்டும் கறுமுறு எண்டா உள்ளை இருக்கிற சின்னச் சிலந்திப் பல்லுகள். பின் இரண்டு சில்லுக்கும் வேறை வேறை தேய்மான ரயர் போட்டு ஓடினா அந்தச் சிலந்திகள் நேர் ரோட்டிலும் நிக்காமல் சுத்தி வொஷரைத் தின்னும். ஒரு புது ரயர், ஒரு மொட்டை ரயர் எண்டு போடுறவை இதை வடிவா யோசியுங்கோ.

பருத்தித்துறை ரோட்

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில இருந்து கரியரோடை (கிறவுணும் பினியனும் பூட்டின கூட்டோடை) முழுசா வந்த டிபரன்சல். பூட்டி ஒரு கிழமையில வளைவுகளில வண்டி இறுகி இறுகித் திரும்பினது. கிறவுணில சோக்கால ஒரு கோடு போட்டு எண்ணினா 41, பினியனில 10. கழட்டி மூலையில போட்டிருந்த பழசை எண்ணினா 43க்கு 11. பல்லு விகிதம் ஒண்டு 4.10, மற்றது 3.909. முன் அச்சு 3.909. நாலு சில்லும் எப்பவும் இழுக்கிற வண்டியில கிட்டத்தட்ட 5 வீத வித்தியாசம். அதை முழுக்க முன் பின் அச்சுக்கு இழுவை பிரிக்கிற நடு டிபரன்சல் தாங்க வேண்டி வந்தது.

2020 பங்குனியில வாகன இறக்குமதி நிண்டு 2025இல திறபடுமட்டும் பழைய வண்டியளைத்தான் ஓட்டினம். அதால பிரிச்சு வித்த சாமான்தான் கன பேருக்குக் கிடைச்சது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒண்டுதான். காசு குடுக்க முன்னம் பல்லை எண்ணுங்கோ. வண்டியின்ரை பெயர்த்தட்டில இருக்கிற அச்சுக் குறியீட்டையும் ஒத்துப் பாருங்கோ. கிறவுண் ஒரு வண்டியில, பினியன் இன்னொண்டில எண்டு சேர்த்துத் தந்தா வாங்க வேண்டாம். அவை இரண்டும் ஒண்டோடை ஒண்டு உரசித் தீட்டின சோடி.

நெல்லியடி 4x4

85 டபிள்யூ 140 எண்ட தடிச்ச கியர் ஒயில் ஊத்துங்கோ. ஊளை போகும். இரண்டு வண்டியில பாத்தாச்சு.

பழைய டீசல்

நெல்லியடித் தம்பி, ஊளை போகேல்லை, மூடுப்பட்டிருக்கு. தடிச்ச ஒயில் பல்லுக்கு நடுவில மெத்தை மாதிரி நிண்டு சத்தத்தைக் குறைக்கும், ஆட்டம் ஆடினபடிதான் இருக்கும். கழண்ட பெயரிங் சத்தமில்லாமல் ஓடி, கடைசியில பினியன் பல்லு முறிஞ்சு, ஏ9இல நடுச்சாமத்தில பின் சில்லு இறுகினா பிள்ளைகளோடை போறவைக்கு உயிராபத்து. மனுவல் கேக்கிற தடிப்பையே ஊத்துங்கோ. சத்தம்தான் எங்களுக்கு இருக்கிற ஒரே முன்னறிவிப்பு, அதை மூட வேண்டாம்.

சாவகச்சேரி பஜேரோ

இங்கை எல்லாரும் பிராடோ. பஜேரோவில 1999க்குப் பிறகு வந்த உடம்புக்கு முழு அச்சு இல்லை. பின் சில்லு இரண்டும் தனித்தனியா அசையும், டிபரன்சல் குறுக்குச் சட்டத்தில இறப்பர் புஷ்ஷில தொங்குது. தீவகம் அண்ணை சொன்ன பிறீதர் இதுக்கும் பொருந்தும், பழைய டீசல் சொன்ன "டொக்" மட்டும் இங்கை வேறை இடத்தால வரும்.

கராஜ் குழிக்கு மேலை வண்டியை விட்டு ஒராள் பிறேக்கை மிதிச்சுக்கொண்டு கியரை டி, ஆர் எண்டு மாத்த, கீழை நிண்டவர் லைற் அடிச்சுப் பாத்தார். டிபரன்சலின்ரை மூக்கு அரை அங்குலம் எழும்பி விழுந்தது. புஷ் இறப்பர் இரும்பை விட்டுக் கழண்டு தனியா நிக்குது. அந்த வண்டிக்கு அதுக்கு முன்னம் கிறவுண் பினியன் புதுசு போட்டாச்சு. புஷ் புதுசு போடேக்கை வண்டி தரையில நிக்கிற உயரத்தில வைச்சுக் கடைசி இறுக்கு இறுக்குங்கோ. ஜக்கில தூக்கினபடி இறுக்கினா இறப்பர் முறுக்கோடை நிண்டு சீக்கிரம் கிழியும்.

எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்தாமல் பிடிக்கிற கிளச்சு) இருக்கிற டிபரன்சலுக்கு எல்எஸ்டி எண்டு போட்ட ஒயில்தான். சும்மா ஒயில் ஊத்தினா கிளச்சுத் தட்டுகள் பிடிச்சுப் பிடிச்சு விடும், முற்றத்தில மெதுவா வட்டம் அடிக்கேக்கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு எதையும் கழட்ட முன்னம் ஒயிலை மாத்திப்போட்டு, எட்டு வடிவில பத்துச் சுத்து மெதுவா ஓடிப் பாருங்கோ.

கோண்டாவில் லேத்

பழைய டீசல் சொன்னது ஞாயம், முதல் சிலிப் யோக், பிறகுதான் பினியன். ஆனா கழட்டினாப் பிறகு அரைகுறையாப் பூட்ட வேண்டாம். கன இடத்தில பல்லு அடையாளம் பாக்காமல் மூடீனம், அதாலயும்தான் திரும்ப வருது.

டயல் கேஜை கிறவுண் பல்லில நிமிர வைச்சு, சுத்தி நாலு இடத்தில ஆட்டத்தை அளவுங்கோ. இந்த ரொயோட்டா 8 அங்குலக் கிறவுணுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர். நாலு இடமும் ஒத்து வராட்டி கிறவுண் நெளிஞ்சிருக்கு, இல்லாட்டி பிடிக்கிற முகத்தில ஊத்தை. பிறகு நாலைஞ்சு பல்லில மஞ்சள் மை மெல்லிசாப் பூசி, கிறவுணைக் கட்டையால நெரிச்சுப் பாரம் குடுத்தபடி இரண்டு பக்கமும் சுத்துங்கோ. அடையாளம் பல்லின்ரை நடுவில விழ வேணும். அடிப்பக்கம் விழுந்தா பினியன் கூட உள்ளை போயிருக்கு, தலைக்குக் கீழை இருக்கிற ஷிம்மை (தடிப்பைச் சரிக்கட்டுற வளையத்தை) மெல்லிசாக்குங்கோ. நுனிப்பக்கம் விழுந்தா தடிப்பாக்குங்கோ. ஷிம் மாத்த பெயரிங்கைப் பிரஸ்ஸில இழுக்க வேணும், வேலை கூட, அதுதான் கன பேர் விடுகினம்.

பூட்டினாப் பிறகு முதல் 20 கிலோமீற்றர் ஓடி, நல்லா ஆற விடுங்கோ. 500 கிலோமீற்றர் மட்டும் பாரம் இழுக்க வேண்டாம். 500இல ஒயிலை வடிச்சு, பிளக்கின்ரை காந்தத்தை வெள்ளைத் துணியில துடையுங்கோ. சாம்பல் களி மட்டும் எண்டா புது ஒயில் ஊத்தலாம். விரலில குத்திற துண்டு ஒண்டு இருந்தாலும் உடனை கழட்டுங்கோ.