மறுமொழி: ஹாமில்டனின் ‘இம்ப்ளைட் பவர்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மறைமுக அதிகாரம்’ போதும் தம்பி. மாணவர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஐயா, வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்கு நாம் தேடுவது, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் சொன்ன ‘இம்ப்ளைட் பவர்ஸ்’ என்பதற்கு ஒரு சொல்: அரசமைப்பில் தனியே எழுதாவிட்டாலும், எழுதிய அதிகாரத்துக்குள் அடங்கியிருக்கும் அதிகாரம். ‘மறைமுக அதிகாரம்’ சட்டென்று புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்றால் நேராக இல்லாமல் இன்னொருவர் வழியாக நடப்பது. பேச்சிலோ, மறைமுகமாகச் செய்தான் என்றால் ஒளித்துச் செய்தான் என்று பொருள். ஹாமில்டன் சொல்ல வந்தது இவ்விரண்டுக்கும் எதிரானது.

1791 பிப்ரவரியில் தேசிய வங்கி மசோதா அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் கையெழுத்துக்கு வந்து நின்றது. 1 கோடி டாலர் மூலதனம், 20 ஆண்டு உரிமம். அரசமைப்பின் முதல் உறுப்பு எட்டாம் பிரிவில் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) அதிகாரங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் வங்கி என்ற சொல்லே கிடையாது. கூடாது என்றார்கள் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சனும் அரசு தலைமை வழக்கறிஞர் ராண்டால்பும். அந்தப் பிரிவின் கடைசி வரி ‘தேவையான’ சட்டங்களை இயற்றலாம் என்கிறதே, அது எது இல்லாவிட்டால் கொடுத்த அதிகாரமே வீணாகிவிடுமோ அதை மட்டும்தான் குறிக்கும். வசதி வேறு, தேவை வேறு என்பது ஜெபர்சனின் வாதம். வலுவான வாதம். அதை மொழிபெயர்த்த அன்று நானே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஹாமில்டன் பிப்ரவரி 23 அன்று பதில் கொடுத்தார். எழுதிக் கொடுத்த அதிகாரம் எவ்வளவு உண்மையாகக் கொடுக்கப்பட்டதோ, அதற்குள் அடங்கியதும் அவ்வளவு உண்மையாகக் கொடுக்கப்பட்டதே என்றார். அவர் காட்டும் சான்றுகளில் எனக்குப் பிடித்தது கலங்கரை விளக்கம். 1789இல் காங்கிரஸ் கலங்கரை விளக்கங்களுக்கென்று சட்டம் செய்தது. அரசமைப்பில் கலங்கரை விளக்கம் எங்கே இருக்கிறது? வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்குள் இருக்கிறது. எல்லையும் அவரே போடுகிறார்: பிலடெல்பியா நகரக் காவலைக் கவனிக்க ஒரு நிறுவனம் தொடங்க முடியாது, ஏனென்றால் அந்த நோக்கமே காங்கிரஸிடம் தரப்படவில்லை.

ஆகவே ‘உள்ளார்ந்த அதிகாரம்’ என்பதும் சரிவராது. அது அரசு என்றாலே கூடப் பிறந்தது என்ற பொருள் தரும். இது எழுதிய ஒன்றிலிருந்து கிளம்புவது.

நம் இலக்கணத்தில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது. ‘நீர்க்குடம்’ என்கிறோம். ஐ உருபும் இல்லை, ‘கொண்ட’ என்பதும் இல்லை. ஆனால் நீரைக் கொண்ட குடம் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் சேர்ந்தே தொக்கு, அதாவது மறைந்து, நிற்பதால் இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தொக்கது காணாமல் போகவில்லை, வேலை செய்துகொண்டே இருக்கிறது. எனவே என் பரிந்துரை: தொக்க அதிகாரம்.

எழுத்தில் உள்ளதற்கு ‘வெளிப்படை அதிகாரம்’ இருக்கட்டும். தொகைக்கு இணை விரி என்று ‘விரி அதிகாரம்’ போட்டால் அகன்ற அதிகாரம் என்று படிப்பார்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. போரில் பக்கத்து நிலத்தை வென்றால் அதை ஆளும் அதிகாரம் எந்த ஒரு வரியிலிருந்தும் வருவதில்லை, மொத்த அதிகாரத் திரளிலிருந்து வருகிறது என்கிறார் ஹாமில்டன். அவர் வைத்த பெயர் ‘ரிசல்ட்டிங்’. ‘விளை அதிகாரம்’ எனலாமா? நம் அரசமைப்பின் 248ஆம் பிரிவு பேசும், மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் சேராமல் எஞ்சிய அதிகாரத்தோடு மட்டும் இதைக் குழப்பிவிடக் கூடாது.

---

தம்பி,

மறைமுகத்தை விட்டுவிடுகிறேன். கலங்கரை விளக்கம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் இரண்டு தடை. ஒன்று, தொக்கு என்றதும் பிள்ளைகளுக்குத் தக்காளித் தொக்குதான் நினைவில் வரும். இரண்டாவது பெரியது. தொகையை விரிக்கும்போது இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூலே சொல்கிறது. அதிகாரத்துக்கு அப்படி ஒரு பெயர் வைக்கலாமா?

---

ஐயா,

முதல் தடைக்கு: ‘கேள்வி தொக்கி நிற்கிறது’ என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள், பழகிவிடும். ‘தொகை அதிகாரம்’ என்று மாற்றினால்தான் ஆபத்து; வங்கி வழக்கில் அது பணமாகிவிடும்.

இரண்டாவதைத் தடையாக நான் நினைக்கவில்லை, அதுவே இந்தச் சொல்லின் பலம். தொக்கதை யார் விரிப்பது, எவ்வளவு விரிப்பது என்பதுதானே ஜெபர்சனின் அச்சம்? 1791இல் வங்கியை எதிர்த்த மாடிசன், குடியரசுத் தலைவராகி 1816இல் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார். 1819இல் அந்த வங்கி பற்றிய மெக்கல்லக் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷல் ஹாமில்டன் வழியிலேயே விரித்தார். அரசமைப்புக்கு முந்தைய கூட்டமைப்பு உடன்படிக்கையில் ‘வெளிப்படையாக’ தந்த அதிகாரம் என்று இருந்தது, தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்னும் பத்தாவது திருத்தத்தில் அந்தச் சொல் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். வாசகம் ஒன்றுதான், விரித்தவர்கள் பலர். அந்த மயக்கம் பெயரிலேயே தெரிவது நல்லதுதான் ஐயா.

‘விளை அதிகாரம்’ பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வினைத்தொகையாக நிற்பதால் காலம் தெளிவாக இல்லையோ என்று எனக்கே ஒரு தயக்கம். ‘திரள்வழி அதிகாரம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டில் எது என்று குழு சொன்னால், மூன்றையும் சேர்த்துச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.