பழைய போக்கோவில் கடைக்கணக்கு மாட்டிக்கொண்டது: ரூட் செய்யலாமா, வேண்டாமா?

குலசேகரம் ஷீட்கடை:
எல்லோருக்கும் வணக்கம். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிற சின்னக் கடை நம்முடையது. எந்தத் தோட்டத்து ஷீட் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன் என்பதெல்லாம் பழைய போக்கோ எஃப்1-இல் ஒரு கணக்கு ஆப்பில்தான் இருக்கிறது. அந்த ஆப் இப்போது பிளே ஸ்டோரிலேயே இல்லை, எக்ஸ்போர்ட் பட்டனும் கிடையாது. போனுக்கு ஆண்ட்ராய்டு 10-ஓடு அப்டேட் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது, சார்ஜ் குத்துகிற இடமும் ஆடுகிறது. ரூட் செய்தால், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்கு எடுத்தால், ஆப்பின் டேட்டாவை அப்படியே எடுத்துவிடலாம், அப்புறம் புது ஆண்ட்ராய்டும் போட்டுக்கொள்ளலாம் என்கிறான் மருமகன். செய்யலாமா?

மார்த்தாண்டம் ரூட்டன்:
தாராளமாகச் செய்யுங்கள் அண்ணாச்சி. போக்கோ எஃப்1 மாதிரி ரூட்டுக்கு வசதியான போன் குறைவு. போனை எழுப்பிவிடுகிற பூட்லோடரின் பூட்டைத் திறந்து (அதுதான் அன்லாக்), ரூட் கொடுக்கிற மேஜிஸ்க் போட்டு, நியோ பேக்கப், ஸ்விஃப்ட் பேக்கப் மாதிரி ஒரு பேக்கப் ஆப் வைத்தால் ஆப்பும் அதன் டேட்டாவும் ஒரே மூட்டையாக வந்துவிடும். கம்பெனி கைவிட்ட போனுக்கு லினேஜ்ஓஎஸ் என்கிற இலவச ஆண்ட்ராய்டு போட்டு இன்னும் ஓட்டலாம். காசு கொடுத்து வாங்கிய போன், உள்ளே இருக்கிற நம் கணக்கை நாமே பார்க்க முடியாது என்றால் அது என்ன நியாயம்?

வடசேரி சர்வீஸ்:
ரூட்டன், நில்லும் வே. அன்லாக் செய்தவுடனே என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் நியோ பேக்கப்புக்குத் தாவிவிட்டீர். பூட்லோடர் அன்லாக் ஆகும்போது போன் மொத்தமும் அழியும். அது கோளாறு இல்லை, திருடன் கையில் போன் போனால் உள்ளே இருப்பதை எடுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்தது. இவருக்கு வேண்டியது ஏற்கெனவே உள்ளே இருக்கிற கணக்கு. அதை எடுக்க ரூட் வேண்டும், ரூட்டுக்கு அன்லாக் வேண்டும், அன்லாக் செய்தால் கணக்கே இருக்காது. பிறகு எதை பேக்கப் எடுப்பார்?

ஷீட்கடை அண்ணே, மருமகன் கையில் போனைக் கொடுக்காதீர்கள். போக்கோவைச் செய்கிற ஷாவ்மி கம்பெனியின் அன்லாக் டூல் பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும், அதற்குள் நல்லபுத்தி வரட்டும்.

மார்த்தாண்டம் ரூட்டன்:
சரி, அன்லாக் அழிக்கும், அது ரூட் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் இதே அண்ணாச்சி அந்தப் போனை வாங்கிய அன்றைக்கே அன்லாக் செய்திருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது, தினம் ராத்திரி ஒரு பேக்கப் தானாக மெமரி கார்டில் விழுந்திருக்கும். நான் சொல்வது அதுதான், ரூட் என்பது போன் சாகக் கிடக்கும்போது கொடுக்கிற மருந்து இல்லை, முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

வடசேரி சர்வீஸ்:
முதல் நாளே செய்தால் மட்டும்? கடையில் கியூஆர் ஒட்டியிருப்பார், பேங்க் ஆப் வேண்டும். போனின் சாஃப்ட்வேரில் கை வைத்திருக்கிறதா என்று பேங்க் ஆப் மாதிரி ஆப்கள் பார்க்க, பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுள் ஒரு சோதனை வைத்திருக்கிறது, பழைய சேஃப்டிநெட் சோதனைக்குப் பதிலாக வந்தது. ரூட்டே இல்லாவிட்டாலும் பூட்லோடர் திறந்திருந்தால் அதில் போன் அளவிலான சான்று கிடைக்காது. அதை மறைக்க மேஜிஸ்கில் மாட்யூல் என்கிற துணைச் சாஃப்ட்வேர் போடலாம், கொஞ்ச நாள் ஓடும், கூகுள் எதையாவது மாற்றும், அப்புறம் ஷீட் எடை போட்டுவிட்டு நிற்கிற ஆளிடம் "பொறும், மாட்யூல் அப்டேட் பண்ணுகிறேன்" என்றா சொல்வார்? சாம்சங் என்றால் இன்னும் மோசம், வேறு சாஃப்ட்வேர் போட்டதைக் குறித்துவைக்கிற நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், மறுபடி ஸ்டாக், அதாவது கம்பெனி சாஃப்ட்வேரையே போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் என்கிற ரகசிய அறை திறக்காது.

பேக்கப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. சில ஆப்கள் டேட்டாவைப் பூட்டிச் சாவியைப் போனின் சிப்புக்குள்ளேயே வைக்கும். ரூட் பேக்கப்பில் பூட்டிய ஃபைல் வரும், சாவி வராது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் அந்த ஃபைலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மார்த்தாண்டம் ரூட்டன்:
சாவி விஷயம் சரிதான், கணக்கு ஆப்பில் பெரும்பாலும் அதெல்லாம் இருக்காது. ஆனால் அந்த இன்டெக்ரிட்டி சான்றின் லட்சணத்தைப் பாரும். வருஷக்கணக்காக செக்யூரிட்டி பேட்ச் வராத ஆண்ட்ராய்டு 10 போன், பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்பதற்காகப் பாஸ். புதுப் பேட்ச் போட்ட லினேஜ் போன் ஃபெயில். எது பாதுகாப்பு?

வடசேரி சர்வீஸ்:
அதை கூகுளிடம் கேளும். நான் பாஸ் ஆவது நியாயம் என்று சொல்லவில்லை, கடைக்காரருக்கு எது திறக்கும் என்று சொல்கிறேன்.

தக்கலை டீச்சர்:
இரண்டு பேரும் சண்டை போடுவதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அது போக்கோ, உள்ளே இருப்பது மியுஐ, ஷாவ்மி தன் போன்களுக்கு மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு. மியுஐ-யில் செட்டிங்ஸுக்குள் லோக்கல் பேக்கப் என்று ஒன்று இருக்கிறது, ஆப்பை டேட்டாவோடு சேர்த்து எடுக்கும், ரூட் வேண்டாம், அன்லாக் வேண்டாம். அந்தக் கணக்கு ஆப்பை மட்டும் டிக் செய்து எடுங்கள். இன்டர்னல் ஸ்டோரேஜில் மியுஐ ஃபோல்டருக்குள் பேக்கப், அதற்குள் ஆல்பேக்கப், அதில் தேதி போட்ட ஃபோல்டர் ஒன்று இருக்கும். ஃபோல்டரை முழுசாக கம்ப்யூட்டருக்கும் ஒரு பென்டிரைவுக்கும் மாற்றுங்கள். போனுக்குள்ளேயே விட்டால் அது பேக்கப் இல்லை, போன் போனால் அதுவும் கூடவே போகும்.

எடுத்தாயிற்று என்று உடனே எதையும் அழிக்க வேண்டாம். இன்னொரு ஷாவ்மி போனில் அதைத் திருப்பிப் போட்டு, ஆப்பைத் திறந்து, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஆளின் பாக்கியைப் பாருங்கள். தொகை சரியாக வந்தால்தான் பேக்கப். சார்ஜ் குத்துகிற இடம் ஆடுகிறது என்றீர்களே, இதை இன்றைக்கே செய்யுங்கள். மழைக்காலத்தில் அது அடியோடு போனால் வேலை இன்னும் கஷ்டம்.

மார்த்தாண்டம் ரூட்டன்:
அது ஷாவ்மி போனுக்குத்தானே திரும்பப் போகும் டீச்சர்? நாளைக்கு வேறு கம்பெனி போன் வாங்கினால்?

தக்கலை டீச்சர்:
அந்த பேக்கப் ஃபைலின் தலையில் மியுஐ சேர்த்த சில வரிகள் இருக்கும், அதை வெட்டிவிட்டால் உள்ளே சாதாரண ஆண்ட்ராய்டு பேக்கப்தான். அதைப் பிரிக்க இலவச டூல் இருக்கிறது. பிரித்தால் டேட்டாபேஸ் ஃபைல் கிடைக்கும், டேட்டாபேஸ் திறக்கிற எஸ்கியூலைட் பிரவுசரில் திறந்து எக்செலுக்கு மாற்றலாம். அதற்குப் பிறகு அந்த ஆப்பே தேவையில்லை. மாற்றித் தர ஆள் வேண்டுமென்றால் லீவு நாளில் நான் செய்து தருகிறேன்.

குலசேகரம் ஷீட்கடை:
டீச்சர் சொன்ன மாதிரி எடுத்துவிட்டேன். கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது. மருமகனுடைய ரெட்மியில் போட்டுப் பார்த்தோம், பொன்மனை ஆள் ஒருவருடைய அட்வான்ஸ் சரியாக வருகிறது. பென்டிரைவிலும் ஒன்று இருக்கிறது. எக்செலாக மாற்ற டீச்சரிடம்தான் வருவேன். இனி போக்கோவை என்ன செய்வது?

மார்த்தாண்டம் ரூட்டன்:
இப்போது அழியட்டும் அண்ணாச்சி, நஷ்டமில்லை. அன்லாக் செய்து லினேஜ் போடுங்கள், கடையில் பாட்டுக்கும் வீடியோவுக்கும் இருக்கட்டும், பேங்க் ஆப் வேறு போனில்.

வடசேரி சர்வீஸ்:
அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் லினேஜ் போட்டால் போதும், மேஜிஸ்க் எதற்கு? அப்டேட்டுக்கு ரூட் தேவையில்லை. ரூட் இருந்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லினேஜ் போடுவதற்கு முன் டிடபிள்யூஆர்பி மாதிரி ஒரு ரெகவரி (பழுதுபார்க்கிற தனி மெனு) போட்டு அதில் போய் இஎஃப்எஸ் என்கிற பகுதியை ஒரு காப்பி எடுத்து வையுங்கள், அதில் இருக்கிற ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண் போனால் சிம்மே எடுக்காது. அப்புறம் மருமகன் பூட்லோடரைத் திரும்ப லாக் செய்ய வேண்டாம், லினேஜ் உள்ளே இருக்கும்போது லாக் செய்தால் போன் ஆன் ஆகாது, என் கடைக்குத்தான் கொண்டுவருவீர்கள்.

மார்த்தாண்டம் ரூட்டன்:
ரூட் இல்லாமல் தினசரி பேக்கப் எப்படி எடுப்பீர் என்று இன்னும் சொல்லவில்லையே வே?

வடசேரி சர்வீஸ்:
எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிற ஆப்பில் கணக்கு எழுதினால் போதும்.