ஆங்கில நாவலுக்குப் பக்கத்தில் அகராதி வேண்டுமா?

கார்குழலி:
அலுவலக மின்னஞ்சல், செய்தித்தாள், நீண்ட கட்டுரை எல்லாம் ஆங்கிலத்தில் தடையில்லாமல் படிக்கிறேன். பேசவும் எழுதவும் சிரமமில்லை. ஆனால் நாவலைத் திறந்தால் கதை வேறு. இரண்டு மாதமாக ஒரே புத்தகம், இன்னும் 60ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதிப் பொருள் பார்ப்பது பள்ளியில் பழகிய பழக்கம். நோட்டு நிறைந்துவிட்டது, கதைதான் மனதில் நிற்கவில்லை. அகராதியை மூடிவிடலாமா?

ஓடும்நதி:
மூடிவிடுங்கள், இன்றைக்கே. அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துத் தெரியாத சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்குச் சுமார் 300 சொல் என்று வைத்துக்கொண்டால், 6 சொல் தெரியாவிட்டாலும் 98 சதவீதம் தெரிகிறது. யார் உதவியும் இல்லாமல் கதை படிக்க அந்த அளவு வேண்டும் என்பது இந்தத் துறை ஆய்வாளர்கள் பலர் சொல்வது. அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தால் ஒரு குடும்பம். பக்கத்துக்கு 15 சொல் இடறினால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள். தமிழ் நாவலில் ஒரு மரத்தின் பெயரோ நகையின் பெயரோ தெரியாவிட்டால் படிப்பதை நிறுத்தியா விடுகிறோம்?

சொல்வேட்டை:
இந்த அறிவுரையைக் கேட்டு நான் மூன்று வருடம் வீணாக்கினேன், அதனால் அழுத்தமாகவே மறுக்கிறேன். இடம் பார்த்து ஊகிக்கலாம் என்பார்கள். ஊகம் தவறினால் அதைச் சொல்ல ஆள் இல்லை, தப்பான பொருளோடேயே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு நாவலில் வேலைக்காரி வாசலில் நின்று ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் அவுட்’ என்கிறாள். அவர் வெளியே போனதற்கு இவள் ஏன் பயப்படுகிறாள், வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு 20 பக்கம் படித்தேன். ‘மன்னிக்கணும், அவர் இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஓடும்நதி:
நண்பரே, உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. ‘அஃப்ரெய்ட்’ என்ற சொல்லை நீங்கள் அகராதியில் பார்த்திருப்பீர்களா? மாட்டீர்கள், தெரிந்த சொல் ஆயிற்றே. நம் நிலையில் இருப்பவர்களைக் கவிழ்ப்பது தெரியாத சொல் இல்லை, தெரியும் என்று நினைத்துத் தாண்டுகிற சொல். ‘மேக்’ தெரியும், ‘அவுட்’ தெரியும். ‘மேக் அவுட்’ என்று வந்தால் மங்கலான ஒன்றை இனம் காண்பதா, பாசாங்கு செய்வதா, முத்தமிடுவதா? பத்து நாவலில் பத்து விதமாகச் சந்தித்தால்தான் படியும். பக்கத்துக்கு அரை மணி நேரம் செலவழித்தால் பத்து நாவல் எப்போது முடியும்?

சொல்வேட்டை:
சரி, அகராதி அங்கே கைகொடுக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகமாக ஓடினால் அது கண்ணிலேயே படாது என்பதுதான் என் வாதம். ‘வுட்’ என்ற சொல்லையே எடுங்கள். ‘ஹி வுட் சிட் பை தி விண்டோ’ என்றால் வழக்கமாக உட்கார்ந்திருப்பான். ‘ஷி வுடின்ட் ஓபன் தி டோர்’ என்றால் திறக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டையும் நான் வருடக்கணக்காக ஒரே மாதிரி படித்துத் தள்ளியிருக்கிறேன். ஒரு நாள் சத்தமாகப் படித்தபோதுதான் ‘வுடின்ட்’டில் குரல் தானாக அழுந்தியது. அன்றிலிருந்து தினமும் இரண்டு பக்கம் சத்தமாக, மீதியை எப்படி வேண்டுமானாலும்.

நேர்கோடு:
எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். ஆங்கிலம் மேம்பட வேண்டுமானால் நாவல் எதற்கு? திரைச்சீலையின் மடிப்புக்கும் குதிரையின் நடைக்கும் ஆயிரம் சொல் வரும், அதில் எதையும் வாழ்நாளில் பேசப் போவதில்லை. நேர்காணல் கேளுங்கள், கட்டுரை படியுங்கள்.

ஓடும்நதி:
கட்டுரையில் இருவர் சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் ஒருவர் மன்னிப்புக் கேட்பது, மறுக்காமலே மறுப்பது, இதெல்லாம் நேர்காணலில் எங்கே கிடைக்கும்? திரைச்சீலையைத் தாண்டிப் போங்கள், உரையாடல் இருக்கிறது.

நேர்கோடு:
அச்சில் இருக்கும் உரையாடலில் தொனி இருக்காது. எனக்கு இன்னும் ஏற்பு இல்லை.

மூன்றாம்பிறை:
இருவரும் எப்படிப் படிப்பது என்றே பேசுகிறீர்கள், எதை என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாவலிலும் முதல் 30 பக்கம்தான் கடினம். ஊர் புதிது, ஆட்கள் புதிது, எழுதுகிறவரின் வாக்கியமும் புதிது. அந்த 30 பக்கத்துக்கு அகராதி இருக்கட்டும், அப்புறம் மூடிவிடலாம். முடித்ததும் அதே ஆசிரியரின் இரண்டாவது புத்தகத்தை எடுங்கள். அவருக்குப் பிடித்த சொற்கள் திரும்பத் திரும்ப வரும், நோட்டே வேண்டாம். ஒரே ஆசிரியர், ஒரே வகை என்று குறுக்கிப் படிப்பதை ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் நீண்ட காலமாகப் பரிந்துரைத்து வருகிறார். நான் துப்பறியும் தொடர் ஒன்றில் தொடங்கினேன். நான்காவது புத்தகத்தில் நான் படிப்பது ஆங்கிலம் என்பதே மறந்துபோனது. அந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது.

கார்குழலி:
எண்ணிப் பார்த்தேன். என் பக்கத்தில் 11 சொல் தெரியவில்லை. ஆனால் அவற்றில் 3தான் கதையைத் தடுத்தன, மற்றவை துணி, செடி, மரச்சாமான். நோட்டை மூடிவிட்டு நேற்று 25 பக்கம் படித்தேன். இரண்டு மாதத்தில் முதல் முறை.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நாயகன் பழைய நண்பன் வீட்டுக்கு வந்திருக்கிறான். ‘ஹி வாஸ் எ ஃபூல் டு ஹேவ் கம்’ என்று ஒரு வரி. எல்லாச் சொல்லும் தெரிகிறது. அவனை முட்டாள் என்பது யார், கதை சொல்பவரா?

சொல்வேட்டை:
இதற்காகத்தான் நின்று படிக்கச் சொன்னேன். ‘ஹி தாட்’ என்று போடாமலே பாத்திரத்தின் மனதுக்குள் நுழைந்துவிடுவது ஆங்கில நாவலில் 200 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் உத்தி. இலக்கணம் படர்க்கை, குரல் அவனுடையது. ‘ஹி’ இருக்கும் இடத்தில் ‘ஐ’ போட்டு, நிகழ்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். அவன் வாய்க்குள் முணுமுணுப்பது போலக் கேட்டால் அது அவன் நினைப்பு. ‘ஆஃப் கோர்ஸ்’, ‘ஷுர்லி’ போன்ற சொல்லோ, திடீரென்று ஒரு கேள்விக்குறியோ அருகில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கார்குழலி:
போட்டுப் பார்த்தேன், அவன் நினைப்புதான். முந்தைய பக்கத்தில் ‘ஷுர்லி’ இரண்டு முறை வருகிறது. அப்படியானால் அந்த நண்பன் கெட்டவன் என்று நான் நம்பிக்கொண்டிருப்பதும் இவன் நினைப்பு மட்டும்தானா? முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகிறேன்.