வீட்டில் செய்யும் சாக்லேட் கார்ன் ஃப்ளேக்ஸ்: நமுத்துப் போகாமல் இருக்க உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காகச் சாக்லேட் பூசிய கார்ன் ஃப்ளேக்ஸ் கொத்துகளைப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே செய்து வருகிறேன். உருக்கிய சாக்லேட்டில் கார்ன் ஃப்ளேக்ஸைப் புரட்டி, கரண்டியால் அள்ளி வைத்து இறுக விடுவதுதான் செய்முறை. ஆனால் மறுநாள் டப்பாவைத் திறக்கும்போது அது மொறுமொறுவென்று இருக்குமா, நமுத்துப் போயிருக்குமா என்பதை ஈரம்தான் முடிவு செய்கிறது. கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மளிகைக் கடையில் மிக்சருக்காக விற்கும் சோள அவல் வேறு, பாலில் போட்டு அப்படியே சாப்பிடும் கார்ன் ஃப்ளேக்ஸ் வேறு. முன்னதை எண்ணெயில் பொரித்தால்தான் உப்பும். பொரித்த பின் மேலே படிந்திருக்கும் எண்ணெயால் சாக்லேட் அதில் சீராகப் பிடிப்பதில்லை. எனவே பின்னதையே, அதிலும் தேனோ சர்க்கரையோ சேர்க்காததையே வாங்குகிறேன். அதையும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்துவதில்லை. அடிகனமான வாணலியில் மிகச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வெறுமனே வறுத்து, அகலமான தட்டில் பரப்பி முழுவதும் ஆற விடுகிறேன். சூட்டோடு இருக்கும்போது அது தளர்ந்தாற்போலத் தோன்றும். ஆறிய பின் ஒன்றை விரல்களுக்கிடையில் நொறுக்கினால், எழும் சத்தத்திலேயே பதம் தெரிந்துவிடும்.

நூறு கிராம் கார்ன் ஃப்ளேக்ஸுக்கு 200 கிராம் சாக்லேட் என்பது என் அளவு. கோகோ வெண்ணெய் சேர்ந்த அசல் சாக்லேட்டின் சுவைக்கு ஈடு இல்லைதான். ஆனால் அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், கோடைக் காலத்தில் நம் வீட்டுக் கூடத்திலேயே இளகிப் போகும். அதோடு, டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 28 டிகிரிக்குக் குளிரச் செய்து, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பளபளப்பாக இறுகும். இல்லையென்றால் மேலே சாம்பல் நிறக் கோடுகள் படரும். அவற்றால் உடலுக்குக் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் நன்றாக இராது. பேக்கரிப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட் கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால், இந்த வெப்பக் கணக்கு எதுவும் அதற்குத் தேவையில்லை. வெயில் காலத்தில் அதையும், மார்கழி, தை மாதங்களில் அசல் சாக்லேட்டையும் பயன்படுத்துவது எனக்குச் சரியாக வருகிறது.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரண்டு மணல்மணலாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்த பிறகே, பாத்திரத்தின் வாயை முழுவதும் மூடும் அகலமான கிண்ணத்தை மேலே வைக்கிறேன். ஆவி பக்கவாட்டில் ஏறி உள்ளே இறங்காது. அப்படித் திரண்டுவிட்ட சாக்லேட் பூச்சுக்கு உதவாது. சூடான பாலை ஊற்றிக் கரைத்தால் ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் குழம்பாகிவிடும். பலரும் பளபளப்புக்காக வெண்ணெய் சேர்க்கிறார்கள், ஆனால் வெண்ணெயில் 16 விழுக்காடு வரை நீர் உண்டு. இளக்கம் வேண்டுமென்றால் நெய் ஒரு தேக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெயை நான் சேர்ப்பதில்லை. அது 25 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதோடு, கோகோ வெண்ணெயுடன் கலந்தால் சாக்லேட்டையும் இறுக விடாது.

குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்து எடுத்ததும், கொத்துகளை வெளியே திறந்து வைக்கக் கூடாது, மேலே வியர்த்துவிடும். உள்ளேயே டப்பாவில் அடுக்கி, இறுக மூடி, டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறப்பதே நல்லது.

ஆயுத பூஜைக்குப் பிறகு எல்லா வீடுகளிலும் பொரி மிஞ்சும். அதையும் இதே போல் வறுத்து, 200 கிராம் சாக்லேட்டுக்கு 80 கிராம் என்ற கணக்கில் கலக்கலாம். பொரியோடு வரும் பொட்டுக்கடலையையும் ஒரு கைப்பிடி சேர்த்தால், கார்ன் ஃப்ளேக்ஸில் செய்ததைவிட நன்றாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

மெல்பேர்ணிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் ஈரத்தைப் பற்றிச் சொன்னதை நானும் இங்கே கண்டிருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் பிறந்தநாள் விழாக்களிலும் பாடசாலைச் சந்தைகளிலும் 'சொக்லேட் கிறக்கிள்ஸ்' இல்லாத மேசையைக் காண்பது அரிது. 1937 டிசம்பரிலேயே இங்குள்ள மகளிர் வார இதழ் ஒன்றில் இதன் செய்முறை வெளிவந்திருக்கிறது. நான்கு கோப்பை றைஸ் பபிள்ஸ் என்னும் அரிசிப் பொரி, ஒன்றரைக் கோப்பை ஐசிங் சீனி, ஒரு கோப்பை உலர்ந்த தேங்காய்ப்பூ, மூன்று மேசைக்கரண்டி கொக்கோ ஆகியவற்றைக் கலந்து, 250 கிராம் கோஃபாவை உருக்கி ஊற்றிக் கிளறி, சிறிய காகிதக் கிண்ணங்களில் இட்டுக் குளிரூட்ட வேண்டும். கோஃபா என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தேங்காய் எண்ணெய். சாதாரணத் தேங்காய் எண்ணெயைவிடக் கூடிய வெப்பத்தைத் தாங்கும். அடுப்பில் வேகவைக்கும் வேலையே இல்லாததால், சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே செய்யக்கூடிய முதல் பலகாரமாக இது இங்கு இருந்து வருகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், பெட்டியில் வரும் தேங்காய்ப்பூ வாசமில்லாதது என்று சொல்லி, பச்சைத் தேங்காயைத் துருவிச் சேர்த்துப் பார்த்தார். மணம் உண்மையிலேயே அருமையாக இருந்தது, ஆனால் பின்னேரத்துக்குள் பொரி முழுவதும் தொய்ந்துவிட்டது. அந்த மணத்தை விட மனமில்லாதவர்கள், துருவிய தேங்காயை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்து, ஆறிய பின் சேர்க்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். நத்தார் இங்கே கோடையில் வருவதால், 40 பாகை தொடும் நாட்களில் பரிமாறும் நேரம் வரை குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதில்லை.

மின்னசோட்டாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 'பப்பி சௌ' என்றும் 'மடி படீஸ்' என்றும் அழைக்கப்படும் வகையைப் பற்றியும் ஒரு குறிப்பு சேர்க்க விரும்புகிறேன். ஒரு கோப்பை சாக்லேட் சில்லுகள், அரைக் கோப்பை வேர்க்கடலை வெண்ணெய், கால் கோப்பை வெண்ணெய் மூன்றையும் உருக்கி, 'செக்ஸ்' (Chex) என்ற பெயரில் விற்கும் தானியச் சதுரங்கள் ஒன்பது கோப்பையில் ஊற்றிப் புரட்டி, ஒரு பெரிய பையில் ஒன்றரைக் கோப்பைப் பொடித்த சர்க்கரையோடு போட்டுக் குலுக்குவார்கள். அந்தச் சதுரங்கள் வலைப்பின்னலாக இருப்பதால் கலவை அவற்றின் கண்களுக்குள் புகுந்து நிற்கும். வேர்க்கடலைக் கொழுப்பு கலந்திருப்பதால் இந்தப் பூச்சு முழுவதும் கெட்டிப்படுவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அந்தச் சர்க்கரைப் பொடிதான்.

சென்ற விடுமுறையில் திருச்சியில் இதைச் செய்தபோது, மிக்சியில் அரைத்த சர்க்கரை மாலைக்குள் கசிந்து பிசுபிசுத்தது. கடையில் வாங்கிய ஐசிங் சர்க்கரையில் சோள மாவு சேர்ந்திருப்பதால் அது தாக்குப்பிடித்தது. குளிர்காலத்தில் இங்கே வெப்பமூட்டியால் வீட்டுக்குள் காற்று உலர்ந்தே இருப்பதால், திறந்த கிண்ணத்தில் வைத்தாலும் மொறுமொறுப்பு போவதில்லை. நம் ஊரில் செய்பவர்கள் சிறு சிறு புட்டிகளில் பிரித்து அடைத்து, ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றை மட்டும் திறக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பலர் இருப்பதால், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.