கஜா நிவாரணம்: கொண்டுபோனவர்களும் வாங்கியவர்களும்

டெம்போக்காரன், திருச்சி

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறியது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தெருவில் வசூலித்த அரிசி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், போர்வை. கூடவே, கொடுத்தவர்கள் முகத்துக்காக வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிய ஆறு மூட்டை பழைய துணி.

தஞ்சாவூர் வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மன்னார்குடி தாண்டியதும்தான் பேச்சு நின்றது. சிமென்ட் மின்கம்பங்கள் இடுப்பில் ஒடிந்து, உள்ளே இருக்கிற கம்பி மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கின. தென்னை ஒரே திசையில் படுத்திருந்தது, வாரிவிட்ட தலைமுடி மாதிரி.

எங்கள் கணக்கு நேராக வேதாரண்யம். டிவியில் அந்தப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டி தாண்டி ஓர் ஊரில் மரத்தைக் குறுக்கே போட்டு மறித்துவிட்டார்கள். காலிக் குடங்களோடு பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "எல்லா வண்டியும் எங்களைத் தாண்டித்தான் போவுது, ஒண்ணாவது நிக்கிதா?" என்று ஓர் அம்மா கேட்டார். சரி, பாதியை இங்கேயே கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினோம்.

அங்கேதான் தப்பு செய்தேன். கூட்டம் நெருக்கியதும் பயந்துபோய் டெம்போ மேல் ஏறி நின்று பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் போட ஆரம்பித்தேன். ஒரு பையன் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், வரிசையில் சேராமல் ஓரமாக நின்றவர், சொன்னார்: "தம்பி, கீழ எறங்கிக் குடுங்க. நாங்க என்ன கோயில் கொரங்கா?"

இறங்கினேன். அந்தப் பெரியவரே ஆட்களை உட்கார வைத்தார், தெரு தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்த தடவை போனபோது வண்டியை நாலு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு, ஒருத்தன் மட்டும் பைக்கில் உள்ளே போய் எத்தனை ரேஷன் கார்டு என்று கேட்டு, டோக்கன் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சரக்கை எடுத்தோம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

கத்தரிப்புலம் பக்கத்து டீச்சர்

சார், நீங்கள் நின்றது மெயின் ரோடு. நாங்கள் உள்ளே இருக்கிற ஊர். நாலு நாள் எங்களுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. வழியெல்லாம் மரம். ஊர் இளைஞர்கள் அரிவாளும் கோடரியும் வைத்துக்கொண்டு அறுத்து வழி எடுத்த பிறகுதான் முதல் டிராக்டர் வந்தது. ரோட்டோரத்துச் சொந்தக்காரர் வீட்டில் அதற்குள் மூன்று பை அரிசி சேர்ந்துவிட்டது. அவர் மேல் என்ன குற்றம், வண்டி அவர் வாசலில் நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கூடம்தான் முகாம். வந்த முதல் டிராக்டரில் இருந்தது முழுக்க அரிசி. அரிசி சரி, அடுப்பு எங்கே? விறகெல்லாம் ஊறிப்போய்விட்டது. கூரையே இல்லாத வீட்டில் சிலிண்டரை எங்கே வைப்பது? கடைசியில் சத்துணவு அண்டாவில் மொத்தமாகப் பொங்கினோம். சாம்பாரா ரசமா என்று தெரியாத ஒரு குழம்பு. அந்த ஐந்து நாள் சாப்பாட்டில்தான் ஊர் உயிர் பிழைத்தது என்றால் மிகையில்லை. ஒவ்வொருவருக்கும் ஐந்து கிலோ அரிசி கொடுத்ததைவிட, ஐம்பது கிலோவும் பருப்பும் காய்ந்த விறகும் ஓர் அண்டாவுக்குக் கொடுத்த ஆட்களைத்தான் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறோம்.

துணி மூட்டை பற்றிச் சொன்னீர்களே. முக்கால்வாசி அப்படியே மழையில் கிடந்தது. கிழிந்த பனியன், ஜரிகை போன பட்டுப்பாவாடை, ஒற்றைக் கால் சாக்ஸ். பின்னால் சேற்றைத் துடைக்க உதவியது, பொய் சொல்லவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் என்னிடம் காதோடு கேட்டதெல்லாம் வேறு: உள்பாவாடை, நைட்டி, நாப்கின். தஞ்சாவூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பெட்டி நாப்கின் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்பு அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டி காலியான வேகத்துக்கு எந்த அரிசி மூட்டையும் காலியாகவில்லை.

23ஆம் தேதி திருக்கார்த்திகை. ஊரில் கரண்டு இல்லை. நிவாரணத்தில் வந்த மெழுகுவர்த்தியைத்தான் வாசலில் ஏற்றினோம்.

கயிறு

ஒரே விஷயம். தார்ப்பாய் கொண்டுபோகிறவர்கள் கயிறும் கொண்டுபோங்கள். எங்கள் குழு முந்நூறு தார்ப்பாய் கொடுத்தது, ஒரு முழம் கயிறு கொடுக்கவில்லை. மறுவாரம் மழையும் காற்றும் வந்ததும் பாதி பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டது. சேலையைக் கிழித்துக் கட்டியவர்கள் வீட்டில் மட்டும் நின்றது.

தோப்புக்காரர், பேராவூரணி

பொருளா காசா என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதல் வாரம் காசு வெறும் காகிதம். கடை திறக்கவில்லை, ஏடிஎம் வேலை செய்யவில்லை. பத்து ரூபாய் மெழுகுவர்த்தியை முப்பது ரூபாய்க்கு வாங்கினேன், அதுவும் கெஞ்சி. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் கேட்ட வாடகையைச் சொன்னால் இப்போதும் என் வீட்டுக்காரி திட்டுவாள்.

இரண்டாவது வாரம் எல்லாம் தலைகீழ். அரிசி வீட்டில் கிடக்கிறது, கையில் நூறு ரூபாய் இல்லை. விழுந்த மரத்தை அறுக்க மெஷின்காரர் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். மரத்தை எடுக்காமல் நிலத்தில் கால் வைக்க முடியாது. "மட்டை இத்தனை கிடக்குதே, கீத்து முடைஞ்சு கூரை போட்டுக்கலாமே" என்று காரில் வந்த ஒருவர் யோசனை சொன்னார். மட்டையை ஊறப்போட வேண்டும், முடைய வேண்டும், மேலே ஏற்றிக் கட்ட ஆள் வேண்டும். அதுவரைக்கும் மழையை நிற்கச் சொல்வாரா?

அரசு தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. 600 இழப்பீடு, 500 வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. அந்தப் பணம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன், அகற்றுகிற கூலிக்காவது ஆனது. ஆனால் என் அப்பா வைத்த மரம் வருஷத்துக்கு எத்தனை வெட்டு கொடுத்தது என்று யார் கணக்கு எழுதுவது? கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம். நடுவில் சாப்பிட வேண்டாமா? எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் திருப்பூருக்குப் போனது அந்த நடுவில்தான்.

கைமெஷின்

நான் அப்போது ஒரு வங்கிக்கு முகவராக, விரல் ரேகை வைத்துப் பணம் கொடுக்கிற மெஷினோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். வேதாரண்யம் சுற்றுவட்டாரம். முழுசாக இடிந்த குடிசைக்கு 10,000, பாதி சேதத்துக்கு 4,100 என்று நிவாரணம் கணக்கில் ஏறத் தொடங்கிய சமயம். டவர் ஒரு கோடு வந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். பனைமர மேட்டில்தான் சிக்னல், அதனால் மேட்டு மேலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

உப்பளத்தில் வேலை செய்த ஓர் ஆத்தா வந்தார். வலது பெருவிரல் வைத்தார், பொருந்தவில்லை. இடது பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று பத்து விரலும் பார்த்தாயிற்று. தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள் என்றேன், எண்ணெய்ப் பிசுக்கில் சில சமயம் எடுக்கும். எடுக்கவில்லை. ஆத்தா உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டி, "முப்பது வருசம் உப்பு வாருன கை. இதுல ரேகைக்கு எங்கய்யா போறது?" என்றார். உண்மையாகவே விரல் நுனி வழவழவென்று, சோப்புக் கட்டி மாதிரி இருந்தது.

பாஸ்புக் புயலில் போய்விட்டது. கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், பஸ் இன்னும் ஓடவில்லை. நாலாவது நாள் என் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். அங்கே போனால், பணம் ஏறியது அந்தக் கணக்கில் இல்லை. ஆதார் கடைசியாக எதில் இணைத்தாரோ அதில் ஏறியிருக்கிறது. அது நூறு நாள் வேலைக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்கு. மறுபடி பைக்.

இன்னொருவருக்குப் பழைய கடன் பாக்கிக்குப் பிடித்ததுபோக மீதிதான் கையில் வந்தது. கவுண்டரில் நின்று என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல?

குழுத் தலைவி

கணக்கில் பிடித்ததாவது பரவாயில்லை. எங்கள் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை வாங்க ஆளே நேரில் வந்தார். கூரையில்லாத வீட்டுத் திண்ணையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். நிவாரணமாக வந்த பத்துக் கிலோ அரிசியை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இந்த வாரம் இதான் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பி வந்தார், அது வேறு கதை.

டெம்போக்காரன், திருச்சி

டீச்சர், அந்தத் துணி மூட்டைக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். தோப்புக்காரர் சொன்ன மாதிரியே எங்களுக்கும் மூன்றாவது பயணத்தில்தான் புத்தி வந்தது. சரக்கு எடுக்காமல், வசூலானதை ஐந்நூறு ரூபாய் நோட்டாக மாற்றி, கவரில் போட்டு எடுத்துப்போனோம். மறுபடி அதே ஊர், அதே பெரியவர். அவரிடம் பட்டியல் கேட்டேன். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நாற்பத்திரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார். ஒற்றைப் பெண்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ரேஷன் கார்டு இல்லாதவர்கள். அவர் பெயர் அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எழுதுறவன் பேரு லிஸ்டுல இருந்தா நாளைக்கு ஊர்ல நான் நடக்க முடியாது" என்றார்.

திரும்பும்போது ஒரு கவரை அவர் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டு வந்தோம். டெம்போ கிளம்பிப் பத்து நிமிஷத்தில் பின்னாலேயே மிதித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். கவரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதில்லை. "நாப்பத்திமூணாவது ஒண்ணு விட்டுட்டேன், கடைசித் தெருவுல. இத அங்க குடுத்துட்டேன்னு ஒங்க கணக்குல எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.